கல்யாணத்துக்குப் பிறகு வரும் சாதாரண நாட்கள்: புதுமணத் தம்பதிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கல்யாண ஏற்பாட்டுக்கு யோசனை சொல்ல ஊரே திரண்டு வரும். அது முடிந்து, வந்தவர்கள் எல்லாம் கிளம்பி, எடுத்த விடுமுறையும் தீர்ந்தபிறகு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை வரும் பாருங்கள், அதற்கு யோசனை சொல்ல ஆள் இருக்காது. குப்பையை யார் வெளியே வைப்பது, ஈரத்துண்டை எங்கே போடுவது, அலாரம் அடித்தால் யார் எழுந்து அணைப்பது? சேர்ந்து வாழ்வதில் பெரும்பகுதி இதுதான்.

ஜெர்மனியில் 24,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஆண்டுதோறும் கேட்டுத் திரட்டிய 15 ஆண்டுத் தகவலை ரிச்சர்ட் லூகாஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் அலசி, 2003-இல் வெளியிட்டார்கள். கல்யாணத்தை ஒட்டி வாழ்க்கையில் திருப்தி கொஞ்சம் ஏறுகிறது, பிறகு சராசரியாகப் பழைய அளவுக்கே வந்துவிடுகிறது என்று அதில் தெரிந்தது. கேட்டால் சப்பென்று போகும். ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் நிறைய இருந்தது. சிலர் ஏறிய இடத்திலேயே நின்றார்கள், சிலர் முன்பைவிடக் கீழே இறங்கினார்கள். சராசரி உங்கள் வீட்டுக்குள் வந்து எதையும் தீர்மானிக்கப் போவதில்லை.

சின்ன சந்தோஷத்துக்கென்று தனியாக நாள் குறித்து, காசு செலவழித்து, படம் எடுத்துப் போடத் தேவையில்லை. எப்படியும் செய்தாக வேண்டிய வேலைகளுக்கு நடுவிலேயே அதற்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிக் காலியாக வைத்திருப்பது என்பதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். ஒன்று படிந்தபிறகு அடுத்ததற்குப் போங்கள்.

படி 1: முதலில் பாருங்கள், திருத்தாதீர்கள்

பல வருடம் பழகிக் காதலித்தவர்களுக்குக்கூட, ஒரே வீட்டில் இருக்கும்போது தெரிய வருகிற ஆள் வேறு. எழுந்தவுடன் பேசுகிறவரா, அரை மணி நேரம் வாயே திறக்காதவரா? பசி வந்தால் கோபம் வருமா? விளக்கு எரிந்தால் தூங்குவாரா? வெளியே போய் வந்ததும் கதை சொல்லத் துடிப்பாரா, கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்தால்தான் சரியாவாரா? குளியலறையில் எவ்வளவு நேரம்?

முதல் சில வாரங்கள் இதையெல்லாம் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்கவும் செய்யலாம். "காலையில உன்கிட்ட பேசலாமா, வேணாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதே கேள்வியை மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டால் அது புகாராகத்தான் வெளியே வரும்.

சீக்கிரம் எழுபவர், தாமதமாகத் தூங்குபவர் என்ற வித்தியாசத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். இது ஓரளவு பிறவியிலேயே வருவது, வயதோடு மாறுவதும் உண்டு. இரவு பன்னிரண்டு மணிக்கு உற்சாகமாக இருப்பவரைச் சோம்பேறி என்பதும், ஒன்பது மணிக்குக் கண் சொக்குபவரை ரசனையில்லாதவர் என்பதும் வீண் பேச்சு. இருவரும் தெளிவாக விழித்திருக்கும் நேரம் எது என்று பாருங்கள். சிலருக்கு அது மாலையில் ஒரு மணி நேரம்தான் இருக்கும். அந்த நேரத்தில் மின்கட்டணக் கணக்கு பார்க்காதீர்கள்.

படி 2: "இங்க பாரேன்" என்றால் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர், ஒரு குடியிருப்பைப் போலவே அமைத்த ஆய்வகத்தில் புதுமணத் தம்பதிகளைத் தங்க வைத்து, சாதாரணமாக அவர்கள் பொழுதைக் கழிப்பதைப் பதிவு செய்தார். அவர் கவனித்தது பெரிய காதல் வசனங்களையோ சண்டைகளையோ மட்டுமல்ல. ஒருவர் ஜன்னலைப் பார்த்து "அந்தப் பறவையைப் பாரேன்" என்கிறார், மற்றவர் என்ன செய்கிறார் என்பதையும் கவனித்தார். நிமிர்ந்து பார்க்கலாம், காதில் விழாதது போல இருக்கலாம், "நான் படிச்சிட்டிருக்கேன்ல?" என்று எரிந்தும் விழலாம். ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் இப்படிப்பட்ட அழைப்புகளில் சுமார் 86 சதவீதத்துக்கு முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் முகம் கொடுத்தது சுமார் 33 சதவீதத்துக்குத்தான்.

பறவை முக்கியமில்லை என்பது இருவருக்குமே தெரியும். கூப்பிட்டவர் கேட்பது, "நீ இங்கே இருக்கிறாயா?" என்பதைத்தான். அதற்கு "ஆமாம்" சொல்ல மூன்று விநாடி போதும்.

"இங்க பாரேன்" என்று வாய்விட்டுச் சொல்லும் அழைப்பு சுலபமானது. மறைவாக வருபவைதான் நழுவிப் போகும். ஒரு பெருமூச்சு. "இன்னைக்கு ஒரே அலைச்சல்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வது. பக்கத்தில் வந்து காரணமில்லாமல் நிற்பது. போனில் எதையோ பார்த்துத் தனியாகச் சிரிப்பது, அதுவும் கொஞ்சம் சத்தமாக. "என்ன சிரிப்பு?" என்று கேட்டால் போதும், போன் உங்கள் பக்கம் திரும்பிவிடும். அந்த வீடியோ உங்களுக்குச் சிரிப்பே வரவழைக்காமல் போகலாம். பரவாயில்லை, அவர் சிரிப்பதைப் பாருங்கள்.

நிஜமாகவே வேலையில் மூழ்கியிருக்கும்போது என்ன செய்வது? "ரெண்டு நிமிஷம், இதை முடிச்சிட்டு வரேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நீங்களே போய் "என்ன சொல்ல வந்தே?" என்று கேளுங்கள். இரண்டாவது பாதியைச் செய்யாவிட்டால் முதல் பாதி வெறும் சமாளிப்பாகிவிடும்.

கூப்பிடுகிறவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. எதிராளி அலுவலக அழைப்பில் இருக்கும்போது பேச்சுக் கொடுத்து, பதில் வரவில்லை என்றதும் "எனக்கு மதிப்பே இல்லை" என்று கணக்கு எழுதக் கூடாது. பிரியாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களே 86 சதவீதம்தான் வாங்கியிருக்கிறார்கள்.

படி 3: நல்ல செய்தியை அவசரமாகக் கடக்காதீர்கள்

கஷ்டத்தில் கூட நிற்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2004-இல் இதைத் திருப்பிக் கேட்டார்கள். நல்லது நடக்கும்போது துணை எப்படி நடந்துகொள்கிறார்? உற்சாகமாக விசாரிப்பது, அமைதியாக ஆமோதிப்பது, குறை கண்டுபிடிப்பது, பேச்சையே மாற்றுவது என்று நான்கு விதமாகப் பிரித்துப் பார்த்ததில், உறவில் நெருக்கத்தோடும் திருப்தியோடும் சேர்ந்து வந்தது முதல் விதம்தான்.

இரண்டாவது விதம்தான் ஏமாற்றும். "இன்னைக்கு மேனேஜர் என் வேலையைப் பாராட்டினார்" என்று சொன்னதும் "ம், சூப்பர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போனைப் பார்ப்பது கெட்ட எண்ணத்தில் செய்வதல்ல. ஆனால் சொன்னவருக்கு அந்தச் செய்தி அங்கேயே சுருங்கிவிடும்.

இரண்டு கேள்வி கேளுங்கள். "எப்போ சொன்னார்? யார் யார் இருந்தாங்க?" நடந்ததை அவர் இன்னொருமுறை வாழ்ந்து பார்ப்பார், உங்களோடு. சந்தேகம் இருந்தால், உதாரணமாகப் பதவி உயர்வால் வேலைநேரம் கூடுமா என்ற கவலை இருந்தால், அதை நாளைக்குப் பேசலாம். ஓர் இரவு அது காத்திருக்கும்.

படி 4: கிளம்பும் நேரம், திரும்பும் நேரம்

ஒரு நாளில் நிச்சயமாக நடக்கும் இரண்டு விஷயங்கள் பிரிவதும் சந்திப்பதும். வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கும் வேலை தொடங்கும் நேரம், முடியும் நேரம் என்று இருக்கும். இந்த இரண்டுக்கும் ஒரு சின்ன வழக்கத்தைக் கட்டிவிடுங்கள்.

கிளம்பும்போது, அன்று மற்றவருக்கு என்ன இருக்கிறது என்று ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். மதியம் ஒரு கூட்டம், ஒரு பரிசோதனை முடிவு, பேசவே பிடிக்காத ஒருவருடன் பேச வேண்டிய அழைப்பு, எதுவாகவும் இருக்கலாம். மாலையில் வெறுமனே "நாள் எப்படிப் போச்சு?" என்றால் "போச்சு" என்றுதான் பதில் வரும். "அந்தக் கூட்டம் என்னாச்சு?" என்று கேட்டால் கதை வரும்.

திரும்பி வரும்போது, உடம்பாலும் ஒரு வரவேற்பு இருக்கட்டும். ஓர் அணைப்பு, தோளில் ஒரு கை, எழுந்து கதவு வரை வருவது. முதல் படியில் உங்கள் துணை தனியாக உட்கார்ந்தால்தான் சரியாவார் என்று தெரிந்திருந்தால், வரவேற்றுவிட்டுப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். பையை வைக்கும் முன்பே "தண்ணி மோட்டார் ரிப்பேர்" என்று தொடங்க வேண்டாம்.

குறைகளைக் கொட்ட ஆரம்பித்தால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: "யோசனை சொல்லணுமா, சும்மா கேட்டா போதுமா?" பெரும்பாலும் சும்மா கேட்டால் போதும். தீர்வு சொல்லும் அவசரத்தில் எத்தனையோ நல்ல மாலைகள் வீணாகியிருக்கின்றன.

வழக்கம் எப்போது படியும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியின் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமலே நடக்கும் அளவுக்கு வர ஆளைப் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை தேவைப்பட்டது. நடு மதிப்பு 66 நாள். நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் தெரிந்தது. அதனால் ஒரு நாள் மறந்ததற்காக, "ஆரம்பத்துல இருந்த அக்கறை இப்போ இல்ல" என்ற வழக்கைத் தொடுக்க வேண்டாம்.

படி 5: வீட்டு வேலையைப் பிரிப்பது

சின்ன சந்தோஷம் பற்றிய கட்டுரையில் பாத்திரம் கழுவுவது எதற்கு என்று கேட்கலாம். ஒருவர் மட்டும் களைத்துக் கிடக்கும் வீட்டில் பறவையைக் காட்ட யாருக்கும் தெம்பு இருக்காது, அதற்குத்தான்.

மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி என்ற இருவர் 1979-இல் வெளியிட்ட ஆய்வில் கணவன் மனைவியிடம் தனித்தனியாக, வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். பெரும்பாலான வேலைகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் முழுமையைத் தாண்டியது. வேடிக்கை என்னவென்றால் சண்டைக்குக் காரணமாவது போன்றவற்றிலும் இதே கதைதான். எனவே இது வெறும் தற்பெருமை இல்லை. நாம் செய்தது நமக்கு நினைவிருக்கிறது, மற்றவர் செய்தபோது நாம் பெரும்பாலும் அங்கே இல்லை. "நான்தான் எல்லாம் செய்யறேன்" என்று இருவருக்கும் தோன்றினால் இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நினைவை நம்பாமல் ஒரு தாளில் எழுதுங்கள். கண்ணுக்குத் தெரியும் வேலைகளோடு நிற்காதீர்கள். சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 35 தம்பதிகளிடம் பேசி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பம் நடத்துவதில் மூளைக்குள் நடக்கும் வேலையை நான்காகப் பிரித்தார்: தேவையை முன்கூட்டி உணர்வது, என்ன வழிகள் இருக்கின்றன என்று தேடுவது, முடிவெடுப்பது, அது நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும் கட்டத்தில் இருவரும் சேர்ந்துகொள்கிறார்கள். முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் பெண்ணின் தலையில் விழுகின்றன.

"என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்" என்று சொல்பவர் நல்லவர்தான், ஆனால் சொல்லும் வேலையை அடுத்தவர் தலையிலேயே விட்டுவிடுகிறார். அதனால் வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரிக்காமல் முழுசாகப் பிரியுங்கள். துணி துவைப்பது ஒருவருடையது என்றால் சோப்பு தீர்ந்துவிட்டதைக் கவனிப்பது, வாங்குவது, காயப் போடுவது, மடித்து உள்ளே வைப்பது வரை எல்லாம் அவருடையது. கொடுத்தபிறகு மேற்பார்வை கூடாது. சட்டையை மூன்றாக மடித்தாலும் நான்காக மடித்தாலும் அலமாரிக்குள் போய்விடும்.

கடைசியாக, ஒரே ஒரு வேலையை மட்டும் பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சேர்ந்துதான் செய்வது என்று முடிவெடுங்கள். எது என்பது உங்கள் இஷ்டம். என்னைக் கேட்டால் துணி மடிப்பதைச் சொல்வேன். கை வேலையாக இருக்கிறது, வாய் சும்மா இருக்கிறது, எதிரெதிரே உட்கார வேண்டியதில்லை. நேருக்கு நேர் பார்த்துச் சொல்லத் தயங்கும் விஷயங்கள் எல்லாம் இப்படிப் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும்போது தானாக வெளியே வரும். பாட்டு போட்டுக்கொள்ளுங்கள். யார் பாட்டு என்பதில் நாள் மாற்றிக்கொள்ளலாம்.

படி 6: போனும் படுக்கையும்

போனைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன், அது நடக்காது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மட்டும் அதற்கு வேறு இடம் கொடுங்கள். சார்ஜர் அடுத்த அறையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

தூங்கும் நேரம் வேறு வேறாக இருந்தால் யாரும் யாருக்காகவும் விடியவிடிய விழித்திருக்க வேண்டாம். சீக்கிரம் தூங்குபவர் படுக்கும்போது மற்றவரும் கூடப் போய்ப் படுத்து, விளக்கணைத்துக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, அவர் தூங்கியதும் எழுந்து வந்து தன் வேலையைப் பார்க்கலாம். போர்வை இழுபறிக்குத் தீர்வு இரண்டு போர்வை. இதில் காதல் ஒன்றும் குறைந்துவிடாது. குறட்டை மட்டும் என்றால் கேலியோடு விடலாம். நடுவே மூச்சு நின்று திணறுவதும், பகலெல்லாம் தூக்கக் கலக்கமும் சேர்ந்திருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதைத் தூங்குபவரால் கவனிக்க முடியாது, பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல முடியும்.

படி 7: கணக்குக் கேட்காத பணம்

பொதுச் செலவு, சேமிப்பு எல்லாம் போக, இருவருக்கும் மாதாமாதம் ஒரே அளவு சின்னத் தொகை ஒதுக்குங்கள். அதில் என்ன வாங்கினாலும் "இது எதுக்கு?" என்ற கேள்வி கிடையாது. ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில் இது இன்னும் அவசியம். ஒரு பேனா வாங்கக் கையேந்த வேண்டியிருந்தால் அந்தப் பேனாவில் சந்தோஷம் இருக்காது. துணைக்குத் தெரியாமல் வாங்கித் தரும் சின்னப் பரிசும் இந்தப் பணத்திலிருந்துதான் வர முடியும்.

படி 8: அவ்வப்போது கொஞ்சம் கோமாளித்தனம்

ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளரின் குழு 2000-இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று உண்டு. தம்பதியின் ஒரு பக்கக் கையையும் காலையும் சேர்த்துக் கட்டி, விரிப்பின்மேல் மண்டியிட்டு, நடுவில் இருக்கும் தடையைத் தாண்டிப் போய்வரச் சொன்னார்கள். கூடவே ஒரு தலையணையைக் கையால் தொடாமல் இருவர் உடம்புக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஏழு நிமிட விளையாட்டு. அதற்குப் பிறகு அவர்கள் தங்கள் உறவைப் பற்றிச் சொன்னது, சலிப்பூட்டும் சாதாரண வேலை கொடுக்கப்பட்டவர்கள் சொன்னதைவிட நன்றாக இருந்தது.

யாரும் வீட்டில் காலைக் கட்டிக்கொள்ள வேண்டாம். புதியதாகவும் கொஞ்சம் சவாலாகவும் இருந்தால் போதும். இருவருக்கும் தெரியாத ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் சூட்சுமம். ஒருவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் அவர் ஆசிரியராகிவிடுவார், மற்றவர் திட்டு வாங்குவார். ஒரு புதிய மொழியின் எழுத்துகள், நீச்சல், ஒரு வாத்தியம், காகிதத்தில் உருவங்கள் செய்வது, தெரியாத தெருக்களில் வேண்டுமென்றே வழி தவறி நடப்பது என்று எதையும் முயலலாம். இந்த முறை ஒருவர் தேர்வு, அடுத்த முறை மற்றவர் தேர்வு. தேர்வு பிடிக்காவிட்டாலும் முழுசாக ஒருமுறை வந்துவிட வேண்டும் என்பது மட்டும் விதி.

படி 9: சண்டை வந்த மாலை

சண்டை வராத வீடு இல்லை. அது நாள் முழுவதையும் விழுங்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

124 புதுமணத் தம்பதிகளை வைத்து சிபில் கரேரும் காட்மனும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாக்குவாதத்தின் முதல் மூன்று நிமிடம் எப்படிப் போகிறது என்பதே பின்னாளில் யார் பிரிவார்கள் என்பதைக் கணிக்க உதவியது. அதனால் ஆரம்பிக்கும் விதத்தில் கவனம் வையுங்கள். "நீ எப்பவும் இப்படித்தான்" என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. "லேட்டாகும்னு சொல்லியிருந்தா நான் காத்திருந்திருக்க மாட்டேன்" என்பது நடந்த ஒன்றைப் பற்றிய பேச்சு. இரண்டாவதற்குப் பதில் சொல்ல முடியும்.

குரல் ஏறி, நெஞ்சு படபடக்க ஆரம்பித்தால் அந்த நேரத்தில் எதுவும் காதில் ஏறாது. இருபது நிமிடமாவது விலகியிருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு போவது விலகல் ஆகாது. "கொஞ்ச நேரம் கழிச்சு எட்டு மணிக்குப் பேசலாம்" என்று நேரம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்த இருபது நிமிடத்தில் அடுத்த வாதத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தால் படபடப்பு தணியாது. நடந்துவிட்டு வாருங்கள், குளியுங்கள்.

எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று: எலை ஃபிங்கெலின் குழு 120 தம்பதிகளை இரண்டு ஆண்டுகள் கவனித்தது. இரண்டாவது ஆண்டில் அவர்களில் பாதிப் பேர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஏழு நிமிடம், சமீபத்திய சண்டையை இருவர் நலனையும் விரும்பும் ஒரு மூன்றாம் நபரின் கண்ணால் பார்த்து எழுதினார்கள். எழுதாதவர்களுக்குத் திருப்தி தொடர்ந்து சரிந்தது, எழுதியவர்களுக்கு அந்தச் சரிவு நின்றது. ஆண்டுக்கு மொத்தம் 21 நிமிட வேலை.

மன்னிப்பு சொல்ல வாய் வராதவர்கள் சமாதானத்துக்கு ஒரு சைகை வைத்துக்கொள்ளலாம். சண்டையில்லாத நாளில் சேர்ந்து முடிவு செய்த அசட்டுத்தனமான சைகையாக இருந்தால் இன்னும் நல்லது.

இதையெல்லாம் சாதாரணச் சண்டைகளுக்கு மட்டும்தான் சொல்கிறேன். துணையைக் கண்டாலே பயம், அடி, மிரட்டல், பணத்தையும் போனையும் பறித்து வைப்பது, பெற்றவர்களிடமோ நண்பர்களிடமோ பேசவிடாமல் தடுப்பது ஆகியவை வேறு ரகம். அங்கே பொறுத்துப் போகும் யோசனை எதுவும் பொருந்தாது. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி உதவி கேளுங்கள்.

படி 10: தனியாக இருக்கவும் விடுங்கள்

வாரத்தில் கொஞ்ச நேரம் தன் நண்பர்களோடு, தன் பொழுதுபோக்கோடு, அல்லது சும்மா. எங்கே, ஏன், எவ்வளவு நேரம் என்ற விசாரணை இல்லாமல். எல்லாவற்றையும் சேர்ந்தே செய்தால் மாலையில் சொல்ல ஒரு கதையும் மிச்சம் இருக்காது.

பெற்றோரோடு சேர்ந்து வாழ்பவர்களுக்குப் பிரச்சினை நேர்மாறானது. இருவருக்கு மட்டுமான நேரமே கிடைக்காது. மாலை நடை, கடைக்குப் போய்வருவது, துணி எடுக்க மாடிக்குப் போவது என்று வெளிப்படையான காரணமுள்ள வேலைகளை இருவருமாக எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

தொடங்குவதும் விடுவதும்

இன்று இரவிலிருந்து இரண்டாவது படி. அது பழகியதும் நான்காவது. வீட்டு வேலைத் தாளை இருவருக்கும் வயிறு நிறைந்திருக்கும் ஒரு விடுமுறைக் காலையில் எழுதுங்கள். மற்றவை தேவைப்படும்போது வரட்டும். சிலருக்கு எட்டாவது படி முதலில் பிடிக்கும், சிலருக்கு ஏழாவதே பெரிய விடுதலையாக இருக்கும்.

மாதத்தில் ஒருமுறை துணி மடிக்கும்போது, இதில் எது இன்னும் பிடித்திருக்கிறது, எது வெறும் கடமையாகிவிட்டது என்று பேசிக்கொள்ளுங்கள். கடமையாகிப் போனதைத் தயங்காமல் விட்டுவிடலாம். வேலை மாறினால், வீடு மாறினால், குழந்தை பிறந்தால் இருவருமே கொஞ்சம் வேறு ஆட்களாகிவிடுவீர்கள். அப்போது மறுபடி முதல் படியிலிருந்து, அதாவது சில வாரம் திருத்தாமல் கவனிப்பதிலிருந்து, ஆரம்பியுங்கள்.